பலூன் கடையிலிருந்து பத்து மீட்டர் வரை: குறி பார்த்துச் சுடுதலின் கதை

எங்க வீட்டுல போன மாசம் ஒரு சண்டை. காரணம், எட்டாங்கிளாஸ் படிக்கிற என் மகள் என்.சி.சி கேம்ப்ல இருந்து கொண்டு வந்த ஒரு அட்டை. பாயிண்ட் டூ டூ ரைபிள்ல அவ சுட்ட ஐந்து குண்டுகளின் ஓட்டை அதுல இருந்தது. எல்லாம் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குள்ள. "குரூப்பிங் நல்லாருக்குன்னு ஹவில்தார் சொன்னாருப்பா, நான் ரைபிள் கிளப்ல சேரட்டுமா?"ன்னு கேட்டா. நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி எங்க அம்மா முந்திக்கிட்டாங்க: "பொம்பளப் புள்ளைக்குத் துப்பாக்கி எதுக்குப்பா? பேப்பரைத் தெறந்தா சுட்டான் செத்தான்னுதான் போட்டுருக்கு."

அம்மா சொன்னதுலயும் ஒரு விஷயம் இருக்கு. தமிழ்ப் பத்திரிகைகளில் 'துப்பாக்கிச் சூடு' முதல் பக்கத்துல வரும், 'துப்பாக்கி சுடுதல்' கடைசிப் பக்கத்துல வரும். ஒரு எழுத்து மாறினா கொலைச் செய்தி பதக்கச் செய்தி ஆயிடும். அந்தக் கடைசிப் பக்கத்தைப் பத்தி எனக்கும் பெருசா ஒண்ணும் தெரியாதுங்கிறது அன்னைக்குத்தான் உறைச்சுது. கிளப்புக்குப் பணம் கட்டணுமா வேண்டாமான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் படிச்சுப் பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். படிச்சது எங்கெங்கேயோ இழுத்துட்டுப் போச்சு. அதோட விளைவுதான் இந்தப் பதிவு.

எனக்குத் தெரிஞ்ச ஒரே குறி பார்த்துச் சுடுதல் தமுக்கம் மைதானத்துல, சித்திரைப் பொருட்காட்சி பலூன் கடை. அஞ்சு ரூபாய்க்கு ஆறு குண்டு. நல்லா குறி பார்த்துச் சுட்டா பலூன் உடையாது, கொஞ்சம் தள்ளிப் பிடிச்சா உடையும். அந்த ஏர்கன்னோட முன்பக்க முள் வளைஞ்சிருக்கும், கடைக்காரருக்கு அது தெரியும், நமக்குத் தெரியாது. ஒலிம்பிக்ல சுடுறதும் ஏர் ரைபிள்தான், அதுவும் காற்றழுத்தத்துல 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டைத் தள்ளுற கருவிதான். வித்தியாசம் எங்கேன்னா, அளவுல.

பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியின் இலக்கை எடுத்துக்குங்க. முழு அட்டையிலும் மதிப்பெண் வட்டங்களின் மொத்த விட்டம் 45.5 மில்லிமீட்டர். நடுவுல இருக்கிற பத்துப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். இந்த வாக்கியத்தோட கடைசியில ஒரு முற்றுப்புள்ளி இருக்கே, கிட்டத்தட்ட அதுதான். குண்டே 4.5 மில்லிமீட்டர் என்பதால, குண்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10.0 கிடைக்கும். அதாவது குண்டின் மையம் இலக்கின் மையத்துல இருந்து 2.5 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். உள்ளே போகப் போக ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் 0.1 கூடும். உச்சபட்சம் 10.9. இப்படி 60 தடவை சுடணும். எல்லாம் எலெக்ட்ரானிக் இலக்கு, மனுஷக் கண்ணை நம்புறதில்லை.

பொறியாளர் புத்தி சும்மா இருக்குமா, கணக்குப் போட்டேன். பத்து மீட்டருக்கு 2.5 மில்லிமீட்டர்னா, ரைபிளின் பின் துவாரத்துக்கும் முன் வளையத்துக்கும் இடையில் சுமார் முக்கால் மீட்டர் இருக்கும்னு வச்சுக்கிட்டா, முன்முனை 0.2 மில்லிமீட்டர் அசைஞ்சா போதும், பத்து போச்சு. ரெண்டு தாள் கனம்.

நம்பிக்கை வரல. எங்க விளாங்குடி வீட்டு மொட்டை மாடியில பத்து மீட்டர் கிடைக்குமான்னு டேப் வச்சு அளந்தோம். முப்பது அடிதான் வந்தது, தண்ணித் தொட்டி வரைக்கும் இழுத்து ஒரு வழியா முப்பத்து மூணு ஆக்கினோம். ஒட்டடைக் கம்புல லேசர் பாயிண்டரை டேப் போட்டு ஒட்டி, இலக்கை அசல் அளவுல பிரிண்ட் எடுத்து எதிர்ச் சுவத்துல ஒட்டினேன். நான் தோள்ல வச்சுப் பிடிச்சா சிவப்புப் புள்ளி அட்டையை விட்டே வெளியே போய் தொட்டிக் குழாயைச் சுத்திட்டு வருது. மூச்சை அடக்கினாலும் ஒரு துடிப்பு நிக்கல. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் புரிஞ்சுது, அது என் இதயத் துடிப்பு. மகள் பிடிச்சா, புள்ளி கறுப்பு வட்டத்துக்குள்ளேயே சுத்துச்சு. "அப்பா, நீங்க காபியைக் குறைங்க"ன்னு ஒரு அறிவுரை வேற.

இதயத் துடிப்பு விளையாட்டா நான் சொல்ற விஷயம் இல்லை. இந்த விளையாட்டின் ஊக்கமருந்தே இதயத்தை மெதுவாக்குற பீட்டா பிளாக்கர் மாத்திரைதான். மத்த வீரர்கள் வேகம் கூட மருந்து எடுத்து மாட்டுவாங்க, இவங்க வேகம் குறைய எடுத்து மாட்டுவாங்க. 2008 பெய்ஜிங்ல வட கொரியாவின் கிம் ஜோங் சு ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம் ரெண்டையும் ப்ராப்ரனலால் எடுத்ததுக்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. எங்க அம்மா பிரஷருக்குச் சாப்பிடுற மாத்திரையும் அதே இனம்தான். இதைச் சொன்னதும் அம்மாவுக்கு இந்த விளையாட்டு மேல லேசா ஒரு மரியாதை வந்த மாதிரி தெரிஞ்சுது.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

1860 ஜூலை 2. லண்டன் பக்கம் விம்பிள்டன் மைதானம். முந்தின வருஷம்தான் அங்கே தேசிய ரைபிள் சங்கம் ஆரம்பிச்சிருந்தாங்க. பிரான்ஸ் படையெடுக்கும்னு ஒரு பயம். அதனால குடிமக்கள் எல்லாரும் குறி பார்த்துச் சுடப் பழகணும்னு நோக்கம். தொடக்க விழாவுல விக்டோரியா ராணி, ஒரு தாங்கியில பொருத்தி வச்சிருந்த விட்வொர்த் ரைபிளோட பட்டுக் கயிற்றை இழுத்தாங்க. 400 கெஜத்துல இலக்கின் மையத்துல இருந்து ஒண்ணேகால் அங்குலத்துல குண்டு பட்டுச்சு. நவீன சுடும் போட்டிகளின் கதையை இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறாங்க.

அதே 1860-ல அதே ராணியோட ஆட்சியில இந்தியாவுல என்ன நடந்தது? 1857 கலகம் முடிஞ்ச கையோடு, மக்களிடம் இருக்கிற ஆயுதங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது. 1878-ல லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் அதை இன்னும் இறுக்குச்சு: இந்தியர் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேணும், ஐரோப்பியருக்கு விலக்கு. அங்கே குடிமகன் சுடப் பழகணும்னு சங்கம், இங்கே குடிமகன் கையில துப்பாக்கி இருந்தா குற்றம். ரெண்டும் ஒரே கிரீடம்.

நம்ம பக்கம் இது இன்னும் அரை நூற்றாண்டு முன்னாடியே நடந்துடுச்சு. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன், 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். தூக்கு முடிஞ்ச கொஞ்ச நாள்ல, 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் (பிளாசி கிளைவின் மகன்) ஒரு பிரகடனம் போட்டார். பாளையங்களின் கோட்டைகளை இடி, ஆயுதங்களைப் பிடுங்கு. மதுரை, சிவகங்கை, நெல்லைச் சீமைகள்ல வேட்டைக்கும் காவலுக்கும் சண்டைக்கும் தலைமுறை தலைமுறையா பழகின கைகளுக்கு அதோட ஓய்வு.

அப்புறம் யார் சுட்டாங்க? எங்க வீட்டுல இருந்து நடக்கிற தூரத்துல கூடல்நகர் ஸ்டேஷன். இந்தத் தண்டவாளத்தை நடத்தின தென்னிந்திய ரயில்வேக்குன்னு தனியா ஒரு வாலண்டியர் ரைபிள் படை இருந்தது. ரயில்வேயில வேலை பார்த்த ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர்தான் உறுப்பினர். ஒரே கம்பெனியில தண்டவாளம் போட்ட கேங்மேன் அதுல சேர முடியாது. மிச்சம் யாருன்னா ராஜாக்கள், ஜமீன்தார்கள். அவங்களுக்கு வேட்டை உண்டு. பிற்காலத்துல இந்தியாவோட சுடும் விளையாட்டு ஏன் அரண்மனை விளையாட்டா ஆரம்பிச்சதுன்னு இதைப் படிச்சப்பதான் எனக்கு விளங்குச்சு. திறமை அவங்களுக்கு மட்டும் இருந்ததுன்னு இல்லை, லைசென்ஸ் அவங்களுக்கு மட்டும்தான் சுலபம்.

ஒரு இடைச்செருகல். சாமானியத் தமிழன் இலக்கு வச்சுச் சுடப் பழகினதுக்கு அந்தக் காலத்துல ஒரு சான்று இருக்கு, ஆனா அது விளையாட்டு இல்லை. 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன்ல கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன். புதுச்சேரியில் வ.வே.சு. ஐயர்தான் அவருக்குச் சுடப் பயிற்சி கொடுத்தார்னு வரலாற்று நூல்களில் வருது. பிரெஞ்சு மண்ணுக்குப் போனாதான் ஒரு தமிழன் குறி பார்த்துப் பழக முடியும்கிற நிலைமை.

இதே காலத்துல ஐரோப்பாவில் இது முழு விளையாட்டா மாறிக்கிட்டிருந்தது. 1896 முதல் ஒலிம்பிக்கிலேயே ஐந்து சுடும் போட்டிகள். 1897-ல பிரான்சின் லியோன் நகரில் முதல் உலகப் போட்டி. 1907-ல சர்வதேச சம்மேளனம், இன்னைக்கு ஐ.எஸ்.எஸ்.எஃப்னு சொல்றாங்களே, அது. 1904, 1928 ரெண்டு தடவை தவிர எல்லா ஒலிம்பிக்கிலும் இது உண்டு. 1900 பாரிஸ்ல நடந்ததை மட்டும் இப்ப யாரும் பெருமையா சொல்றதில்லை: உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டாங்க, பெல்ஜியத்துக்காரர் லெயோன் த லுண்டன் 21 புறாவை வீழ்த்தி ஜெயிச்சார். அந்தப் புறாவோட ஆவிதான் இன்னைக்கு 'களிமண் புறா'. ட்ராப், ஸ்கீட் போட்டிகள்ல ஷாட்கன்னால சுடுற அந்த ஆரஞ்சுத் தட்டு, 11 சென்டிமீட்டர் விட்டம், 105 கிராம். அதுல களிமண்ணும் கிடையாது, புறாவும் கிடையாது. சுண்ணாம்புக்கல் பொடியும் கீலும்தான்.

ஆக மொத்தம் மூணு குடும்பம்னு வச்சுக்கலாம். ரைபிள், பிஸ்டல், ஷாட்கன். ரைபிளும் பிஸ்டலும் அசையாத இலக்கு, அசையாத ஆள். ஷாட்கன் பறக்கிற இலக்கு, சுழலுற ஆள். பாரிஸ் 2024-ல ஒரு கையைப் பேன்ட் பாக்கெட்ல விட்டுக்கிட்டு சாதாரணக் கண்ணாடியோட நின்னு வைரலான துருக்கிக்காரர் யூசுஃப் டிகெச் ஞாபகம் இருக்கா? அது பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணி. அவருக்கு வெள்ளி. அதே போட்டியிலதான் நம்ம மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வாங்கினாங்க. பாக்கெட்ல கை விடுறது ஸ்டைலுக்கு இல்லை. பிஸ்டலை ஒரு கையாலதான் பிடிக்கணும்னு விதி, இன்னொரு கை ஆடிக்கிட்டிருந்தா உடம்பே ஆடும்.

பிஸ்டல்னு சொன்னதும் ஹங்கேரியின் கரோலி டக்காச்சைச் சொல்லாம விட முடியாது. ராணுவச் சார்ஜென்ட். 1938-ல பயிற்சியில வெடிகுண்டு கையிலேயே வெடிச்சு வலது கை போச்சு. சுடுற கை. ஆஸ்பத்திரியில இருந்து வந்து யாருக்கும் சொல்லாம இடது கையில பழகினார். 1948 லண்டன்ல தங்கம், 1952 ஹெல்சிங்கியில மறுபடியும் தங்கம்.

சுதந்திரத்துக்கு அப்புறம்தான் இந்தியாவுக்கு இது விளையாட்டா வந்து சேர்ந்தது. 1951-ல தேசிய ரைபிள் சங்கத்தை ஆரம்பிச்சவர் மாவ்லங்கர். மக்களவையின் முதல் சபாநாயகர் ஆனாரே, அவரேதான். இன்னைக்கும் தேசியப் போட்டிக்கு முந்தின படிக்கட்டு அவர் பேர்லதான் நடக்குது. ஹெல்சிங்கி 1952-லேயே நம்ம ஆட்கள் போய்ச் சுட்டிருக்காங்க. ஆனா உலகம் திரும்பிப் பார்த்தது பிகானீர் மகாராஜா கர்ணி சிங்கைத்தான். ஐந்து ஒலிம்பிக், 1962 கெய்ரோ உலகப் போட்டியில ட்ராப் வெள்ளி. சொந்தமா மைதானம், வேணுங்கிற தோட்டா. அதுல தப்பு சொல்ல ஒண்ணுமில்லை, மனுஷன் கெட்டிக்காரர். ஆனா அவர் காலத்துல பிகானீர்ல ஒரு குமாஸ்தா மகளுக்கு இந்த விளையாட்டு இருக்குன்னாவது தெரிஞ்சிருக்குமா?

கதவு திறந்தது காற்றுத் துப்பாக்கியாலதான்னு நான் நினைக்கிறேன். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஏர் ரைபிள் ஒலிம்பிக்குக்கு வந்தது. இதுக்கு வெடிமருந்து கிடையாது. பெரிய மைதானம் வேண்டாம், ஒரு ஹால் போதும். இந்தியச் சட்டப்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேல போகாத, 20 ஜூல் சக்தியைத் தாண்டாத ஏர் ரைபிளுக்கு ஆயுத லைசென்ஸ் வேண்டியதில்லை. 2016 ஆயுத விதிகள்ல இது தெளிவா இருக்கு. பாயிண்ட் டூ டூ, ஷாட்கன் என்று போனாத்தான் கலெக்டர் ஆபீஸ், போலீஸ் விசாரணை எல்லாம். 2008-ல தனிநபர் தங்கம் வாங்கிய அபிநவ் பிந்த்ரா சுட்டது ஏர் ரைபிள். சென்னையில பிறந்த ககன் நாரங்கும் அதே போட்டியில இருந்தார். பிந்த்ரா 596, நாரங் 595. அந்த 595 இறுதிச் சுற்றுக்குப் பத்தல. சம மதிப்பெண் எடுத்தவங்கள்ல கடைசித் தொடரைப் பார்த்து அவரை வெளியே அனுப்பிட்டாங்க. நாலு வருஷம் காத்திருந்து லண்டன்ல வெண்கலம் வாங்கினார்.

தமிழ்நாட்டுக் கணக்கை எடுத்தா ரெண்டு பேரைப் பக்கத்துல பக்கத்துல வைக்கத் தோணுது. ரெண்டு பேரும் பாரிஸ் 2024 போனவங்க.

ஒருத்தர் பிரித்விராஜ் தொண்டைமான். புதுக்கோட்டை அரச குடும்பம், ட்ராப். ஹாங்சோ ஆசியப் போட்டியில் கினான் செனாய், சொராவர் சிங் சந்துவோட சேர்ந்து அணித் தங்கம். பாரிஸ்ல 21-ஆவது இடம். பாளையக்காரர் ஆயுதங்களைப் பிடுங்கின காலத்துல கம்பெனி பக்கம் நின்ன குடும்பம் தொண்டைமான் குடும்பம் என்பதை வரலாறு படிக்கிறவன் ஞாபகம் வச்சுக்காம இருக்க முடியல. அவரைக் குறை சொல்றதுக்கு இல்லை இது, யார் வீட்டுல துப்பாக்கி தங்கிச்சுங்கிறதுக்காகச் சொல்றேன்.

இன்னொருத்தர் இளவேனில் வாலறிவன். கடலூர்ல பிறந்து அகமதாபாத்ல வளர்ந்தவர். அரண்மனை கிடையாது. நாரங் நடத்துற அகாடமியில பழகி வந்தவர். 2019-லயும் 2023-லயும் ரியோ உலகக் கோப்பையில தங்கம், 2025-ல கசகஸ்தானின் ஷிம்கெண்ட்ல ஆசியத் தங்கம். பாரிஸ்ல தகுதிச் சுற்றுல அவர் எடுத்தது 630.7. முதல் எட்டுப் பேர் இறுதிக்குப் போகணும், இவர் பத்தாவது. ஐந்தாவதா வந்து இறுதிக்குப் போன நம்ம ரமிதா ஜிண்டால் எடுத்தது 631.5. வித்தியாசம் 0.8. முன்னாடி போட்ட கணக்கைத் திரும்ப எடுங்க: 0.1-க்குக் கால் மில்லிமீட்டர். 0.8-க்கு 2 மில்லிமீட்டர். ஒரு குண்டுக்கு இல்லை, 60 குண்டுக்கும் சேர்த்து மொத்தமே ரெண்டு மில்லிமீட்டர். குண்டுக்குப் பாதித் தலைமுடி. இதை என் மகள்கிட்ட விளக்கினப்போ அவ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்ப அவங்களும் 10.5 சராசரி எடுத்துட்டுத்தான் அழுதுட்டே வந்தாங்களா?"ன்னு கேட்டா. அழுதாங்களான்னு எனக்கெப்படித் தெரியும்.

அஜித் 2021-லயும் 2022-லயும் மாநிலப் போட்டியில பதக்கம் வாங்கினதுக்கு அப்புறம் தமிழ்நாட்டுல நிறைய பேருக்கு ரைபிள் கிளப்னு ஒண்ணு இருக்கிறதே தெரிஞ்சுது. ஸ்ரீ நிவேதா பரமானந்தம் 2021 டெல்லி உலகக் கோப்பையில ஏர் பிஸ்டல் அணித் தங்கமும், நர்மதா நிதின் 2023 கெய்ரோவில ஏர் ரைபிள் கலப்பு அணித் தங்கமும் வாங்கினது எத்தனை பேருக்குத் தெரியும்னு கேட்டா பதில் வருத்தமா இருக்கும். எனக்கும் இந்த ஆராய்ச்சிக்கு முன்னாடி தெரியாது.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு"ங்கிற கேள்விக்கும் இந்த விளையாட்டுக்குள்ளேயே பதில் கிடைச்சது. ரொம்ப நாள் இதுல ஆண், பெண் தனிப்பிரிவே கிடையாது. 1976 மாண்ட்ரியல்ல மார்கரெட் மர்டாக் என்ற அமெரிக்கப் பெண், ஆண்களோட சேர்ந்து ரைபிள் போட்டியில சுட்டு முதலிடத்துல சமன் பண்ணினார். அட்டையை மறுபடி ஆராய்ஞ்சு தங்கத்தை லானி பாஷமுக்குக் கொடுத்தாங்க. பாஷம் சும்மா இருக்கல. தேசிய கீதம் போடும்போது மர்டாக்கைக் கையைப் பிடிச்சு மேல் படியிலேயே தன்னோட ஏத்திக்கிட்டார். 1992 பார்சிலோனாவில் சீனாவின் ஜாங் ஷான் ஸ்கீட்ல எல்லா ஆண்களையும் தாண்டித் தங்கம் எடுத்தார். அடுத்த ஒலிம்பிக்ல ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும்னு ஆயிடுச்சு! பெண்கள் ஸ்கீட் தனியா வந்தது 2000 சிட்னியில. 2018-க்கு முன்னாடி வரைக்கும் ஏர் ரைபிள்ல பெண்களுக்கு 40 குண்டுதான், ஆண்களுக்கு 60. இப்ப ரெண்டு பேருக்கும் 60.

இதை எல்லாம் அம்மாகிட்டச் சொன்னேன். "அந்த மாப்பிள்ளை கையைப் பிடிச்சு ஏத்துனான் பாரு, அவன் நல்ல பய"ன்னு பாஷமுக்கு மட்டும் சான்றிதழ் கொடுத்தாங்க. துப்பாக்கி விஷயத்துல இன்னும் முழுசா இறங்கி வரல.

மிச்சம் இருக்கிறது காசு. லைசென்ஸ் தடை போய், அந்த இடத்துல விலைத் தடை உட்கார்ந்திருக்கு. போட்டித் தரத்துல ஒரு ஜெர்மன் ஏர் ரைபிள் லட்சங்கள்ல. அதுக்கு மேல விறைப்பான ஜாக்கெட், பேன்ட், ஷூ எல்லாம் தனி. கிளப் ரைபிளை வச்சுப் பழக ஆரம்பிக்கலாம், மதுரையிலயும் ரைபிள் கிளப் உண்டு. ஆனா ஒரு கட்டத்துக்கு மேல சொந்த ரைபிள் இல்லாம முடியாது, ஏன்னா கைப்பிடி, கன்னம் வைக்கிற கட்டை எல்லாம் அவங்கவங்க உடம்புக்கு மில்லிமீட்டர் கணக்குல திருகி வைக்கணும். ஐ.டி சம்பளம் வாங்குற எனக்கே ரெண்டு தடவை யோசிக்க வேண்டியிருக்கு. கேம்ப்ல என் மகளை விட நல்லா சுட்ட பொண்ணு ஒருத்தி இருந்தாளாம், பரவை மார்க்கெட்ல அவங்க அப்பாவுக்குச் சுமை தூக்குற வேலை. அவ குரூப்பிங் ஒரு ரூபாய் நாணயத்துக்குள்ள அடங்கிச்சுன்னு மகள்தான் சொன்னா. அந்தப் பொண்ணு ஏதாவது கிளப்ல சேருறாளான்னு கேட்டேன்.

"அவளுக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாதுப்பா."

நாங்க இப்போதைக்கு மூணு மாசம் கிளப் ரைபிளோட பழகிப் பார்க்கிறதுன்னு முடிவு. விண்ணப்பத்துக்கு ஃபோட்டோ எடுத்தாச்சு. ரெண்டு விண்ணப்பம் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கா மகள். ஒண்ணு அந்தப் பொண்ணு வீட்டுல கொடுக்கணுமாம், அதுவும் நான் நேர்ல வந்து அவங்க அப்பாகிட்டப் பேசணுமாம். இந்த ஞாயித்துக்கிழமை பரவைக்குப் போறேன். பாளையக்காரர் ஆயுதப் பறிப்பு பத்தித் தனியா ஒரு பதிவு எழுதணும், அதுக்கான குறிப்புகள் சேர்ந்துக்கிட்டே இருக்கு.